பூசணிக்காய் கத்தியான விதம்: திகில் பட போஸ்டர்களை வெட்டி, மங்கவைத்து, வரைந்து பார்த்த பதிவு

உண்மையைச் சொன்னால், முடிவை முன்னாடியே கையில் வைத்துக்கொண்டுதான் இந்த வேலையில் இறங்கினேன். பழைய திகில் படங்களின் போஸ்டர் பிரமாதம், ரீமேக் போஸ்டர் எல்லாம் ஒரே அச்சு. யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தடவையாவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வோமே என்று தோன்றியது. இரண்டு நாள் வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆகிவிட்டது.

பத்து ஜோடிகள் எடுத்தேன். சைக்கோ (1960, 1998), த டெக்ஸஸ் செயின் சா மாசக்கர் (1974, 2003), கேரி (1976, 2013), த ஓமன் (1976, 2006), டான் ஆஃப் த டெட் (1978, 2004), ஹாலோவீன் (1978, 2007), ஃப்ரைடே த தேர்டீன்த் (1980, 2009), போல்டர்கைஸ்ட் (1982, 2015), எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட் (1984, 2010). பத்தாவது த திங். அதற்கு 1951 படம் அசல், 1982 படம் ரீமேக். பின்னால் என் முடிவு கவிழ்ந்தபோது அதற்குச் சாட்சியாக வந்தது இந்தப் பத்தாவது ஜோடிதான். அதை அப்புறம் சொல்கிறேன்.

படங்களைச் சேகரிப்பது சுலபம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு பழைய படத்தின் பெயரைத் தேடினால் முதலில் வருவதில் பாதி ரசிகர்கள் செய்தவை. அவையும் அட்டகாசமாக இருக்கும், அதுதான் தொல்லை. முதல் சுற்றில் நான் "அசல்" என்று எடுத்து வைத்ததில் இரண்டு, படம் வந்து பல வருடம் கழித்து யாரோ ஆசைக்கு வரைந்தவை. ஒன்று மறுவெளியீட்டுக்காக அச்சடித்தது.

இதற்கு ஒரு நல்ல வழி கிடைத்தது. அமெரிக்காவில் 1940 முதல் எண்பதுகளின் நடுப்பகுதி வரை பெரும்பாலான போஸ்டர்களை நேஷனல் ஸ்க்ரீன் சர்வீஸ் என்ற நிறுவனம்தான் திரையரங்குகளுக்கு அனுப்பி வந்தது. போஸ்டரின் கீழ் விளிம்பில் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். அதன் முதல் இரண்டு இலக்கம் வருடம். மறுவெளியீடு என்றால் எண்ணுக்கு முன்னால் 'ஆர்' என்ற எழுத்து நிற்கும். ஸ்கேனைப் பெரிதாக்கி அந்த மூலையைப் பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். விளிம்பை வெட்டிவிட்டுப் பதிவேற்றியிருக்கும் ஸ்கேன்களை எடுக்காதீர்கள்.

இன்னொன்று: 1974 படத்தின் தலைப்பில் 'செயின்' தனி, 'சா' தனி. 2003-ல் அதை ஒட்டி ஒரே சொல்லாக்கிவிட்டார்கள். இது தெரியாமல் சேர்த்து எழுதித் தேடி, ஒரு மாலை முழுக்க ரீமேக் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அளவு. அமெரிக்க போஸ்டரின் வழக்கமான அளவு முன்பு 27-க்கு 41 அங்குலம். எண்பதுகளின் நடுவில் அது 27-க்கு 40 ஆனது. ஏ4 தாளில் இரண்டு இரண்டாக, 20 சென்டிமீட்டர் உயரத்தில் அச்சடித்தேன். கணக்குப்படி பழையதற்கு அகலம் 13.2 சென்டிமீட்டர், புதியதற்கு 13.5. மூன்று மில்லிமீட்டர்தானே என்று எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் நீட்டிப் பொருத்தினேன். 1978 ஹாலோவீன் போஸ்டரில் இருக்கும் கை லேசாக உப்பிவிட்டது. மறுபடி அச்சடித்தேன்.

அச்சடிப்பில் இன்னொரு கூத்து. ரீமேக் போஸ்டர்கள் மை குடிக்கின்றன. சும்மா கேலிக்குச் சொல்லவில்லை. முகத்தைச் சுற்றி முழுக்க இருட்டு, இருட்டுக்குள் கொஞ்சம் நீலம். சாதாரணத் தாளில் மை ஊறி, அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. பழையவற்றிலும் கறுப்பு உண்டு. ஆனால் இந்த அளவுக்கு ஊறவில்லை. கனமான மேட் தாளுக்கு மாறிய பிறகுதான் ஒழுங்காக வந்தது.

மூன்று சோதனைகள்

கண்ணால் பார்த்து "இது நல்லா இருக்கு" என்பதை ஒதுக்கிவைக்க, ஜிம்ப் மென்பொருளில் மூன்று சோதனை செய்தேன்.

முதலாவது, 120 பிக்ஸல் உயரத்துக்குச் சுருக்குவது. இரண்டாவது, காசியன் பிளர் போட்டு, விவரம் எல்லாம் கரைந்து பெரிய வடிவம் மட்டும் தெரியும்படி செய்வது. மூன்றாவது த்ரெஷோல்டு. சாம்பல் நிறமே இல்லாமல் முழுக் கறுப்பு, முழு வெள்ளை மட்டும். இந்த மூன்றாவதுதான் இரக்கமே இல்லாத சோதனை. ஓவியத்தின் அழகு, புகைப்படத்தின் பளபளப்பு எல்லாம் போய், உள்ளே எலும்பு இருக்கிறதா இல்லையா என்று காட்டிவிடும்.

நான்காவதாக சராசரி நிறம் பார்க்க முயன்றேன். படத்தை ஒரே பிக்ஸலாகச் சுருக்கினால் சராசரி நிறம் வந்துவிடும். வீண் வேலை. ஒரே பழைய போஸ்டரின் இரண்டு ஸ்கேன்களே இரண்டு நிறம் காட்டின. ஒன்றின் தாள் பழுத்திருந்தது, இன்னொன்றை யாரோ 'சரிசெய்திருந்தார்கள்'. கைவிட்டேன்.

பிளர் சோதனையிலும் ஒரு கோட்டைவிட்டேன். பழைய போஸ்டர்களில் ஒரு விசித்திரமான கட்டம் தெரிந்தது. நடுவில் நெடுக்காக ஒரு கோடு, குறுக்காக மூன்று கோடு. ஆஹா, அந்தக் காலத்து வடிவமைப்பாளர்கள் இந்தக் கட்டத்தை வைத்துத்தான் எல்லாவற்றையும் அடுக்கியிருக்கிறார்கள் என்று குறிப்பேட்டில் இரண்டு பக்கம் எழுதினேன். மூன்றாவது போஸ்டரிலும் அதே கட்டம், அதே இடம். அப்போதுதான் உறைத்தது. அது மடிப்பு! எண்பதுகளின் தொடக்கம் வரை போஸ்டர்களை எட்டாக மடித்துத்தான் அனுப்புவார்கள். தபால் மடிப்பைக் கலைக் கோட்பாடாக்க இருந்தேன். இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

த்ரெஷோல்டில் முதலில் ஜெயித்தது ஹாலோவீன் 1978. ராபர்ட் க்ளீசன் வரைந்தது. கறுப்புப் பின்னணியில் ஒரு பூசணிக்காய் விளக்கு. இடது பக்கம் கண், வாய் வெட்டிய சிரிப்பு. வலது பக்கம் போகப் போகப் பூசணிக்காயின் வரிகள் புடைத்து விரல் கணுக்களாகின்றன. கடைசி வரி முஷ்டியாக மூடுகிறது, அதிலிருந்து கத்தி கீழே இறங்குகிறது. பூசணிக்காய் எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்று பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள், முடியாது. நான் டிரேசிங் தாள் வைத்து ஐந்து தடவை முயன்றேன். ஐந்தும் ஐந்து இடம். அந்தக் கணுக்களுக்குள் ஒரு அலறும் முகம் தெரிகிறது என்று பலர் சொல்வார்கள். எனக்கும் தெரிகிறது. ஆனால் ஒரு தடவை சொல்லக் கேட்டுவிட்டால் யாருக்குத்தான் தெரியாது?

கறுப்பு வெள்ளையாக்கியும் இந்த வடிவம் உடையவில்லை. 2007 போஸ்டரில் பெரிதாகக் கொலைகாரனின் முகமூடி முகம். த்ரெஷோல்டில் நெற்றியும் மூக்கும் மட்டும் இரண்டு வெள்ளைத் திட்டாக மிஞ்சின.

சுருக்கிய படங்களை அக்காவிடம் காட்டினேன். அவள் திகில் படம் பார்க்கவே மாட்டாள். அதனால்தான் அவளிடம் காட்டினேன்.

"இது பூசணிக்காயா, கையா?" என்றாள் பழையதைப் பார்த்து.

"ரெண்டும்தான் அக்கா."

ரீமேக் வரிசையைப் பார்த்துவிட்டு, "டேய், இதென்ன, ஒரே ஆளோட பாஸ்போர்ட் போட்டோவை வேற வேற ஸ்டுடியோல எடுத்த மாதிரி இருக்கு?" என்றாள்.

அன்றைக்கு இரவு, நான் நினைத்தது சரிதான் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

முகமூடி எங்கிருந்து வந்தது

மறுநாள் ஃப்ரைடே த தேர்டீன்த் ஜோடியை எடுத்ததும் நிம்மதி போய்விட்டது.

1980 போஸ்டரில் ஒரு ஆளின் வெறும் உருவக்கோடு. கையில் கத்தி. உடம்பு இருக்க வேண்டிய இடத்தில் காடு, நிலா, கீழே சில இளைஞர்கள். முகமே கிடையாது. அலெக்ஸ் எபெல் வரைந்தது. 2009 போஸ்டரில் ஹாக்கி முகமூடி போட்ட ஜேசன், இந்தப் பட வரிசையின் கொலைகாரன். சரி, பழையதில் கற்பனை, புதியதில் சோம்பல் என்று எழுதப் போனேன். கை நின்றது.

1980 போஸ்டரில் அந்த முகமூடியைப் போட்டிருக்கவே முடியாது. முதல் படத்தில் அந்த முகமூடி இல்லை. கொலை செய்வது ஜேசனும் இல்லை, அவன் அம்மா. ஹாக்கி முகமூடி வந்ததே 1982-ல், மூன்றாம் பாகத்தில். முதல் படத்துக்கு விளம்பரம் செய்தவர்களின் கையில் முகம் இல்லை, ஆள் இல்லை, கதையைச் சொல்லவும் கூடாது. இருந்தது ஒரு தலைப்பு மட்டும். இயக்குநர் ஷான் கன்னிங்ஹாம் 1979-ல், கதை முழுதாக எழுதி முடிக்கும் முன்பே, கண்ணாடியை உடைத்துக்கொண்டு அந்தத் தலைப்பு வருவதுபோல் வெரைட்டி பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தவர். அப்படிப்பட்ட படத்துக்கு போஸ்டரில் ஆளின் உள்ளே காடு வராமல் வேறென்ன வரும்?

2009-ல் நிலைமை தலைகீழ். முகமூடியைப் போடாமல் இருந்தால் "இது அந்தப் படம்தானா?" என்று கேட்பார்கள்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மற்ற ஜோடிகளைப் பார்த்தால் எல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. நைட்மேர் 1984 போஸ்டரில், மேத்யூ பீக் வரைந்ததில், கட்டிலில் கண் விரியப் படுத்திருக்கிறாள் கதாநாயகி நான்ஸி. தலைக்கு மேல் மண்டையோடு போன்ற ஒரு முகமும் கத்தி விரல்களும். கனவில் வந்து கொல்லும் ஃப்ரெடியின் தொப்பி இல்லை, கோடு போட்ட ஸ்வெட்டர் இல்லை. அந்தத் தொப்பியைப் பார்த்து யாரும் பயப்படக் கற்றுக்கொள்ளாத நேரம் அது. 2010-ல் தொப்பி, ஸ்வெட்டர், கையுறை மூன்றும் வந்து நிற்கின்றன.

சைக்கோ இன்னும் தெளிவு. 1960-ன் முதன்மை போஸ்டரில் நடிகை ஜேனட் லீயின் புகைப்படம் உண்டு, டோனி பல்லடினோ நாவலின் அட்டைக்காக உருவாக்கிய உடைந்த எழுத்துகள் உண்டு. அவர் கொலையாகும் குளியலறை மட்டும் இல்லை. படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று திரையரங்குகளுக்கே கட்டளையிட்டவர் இயக்குநர் ஹிட்ச்காக், அவர் குளியலறையை போஸ்டரில் காட்டுவாரா? 1998 ரீமேக்கின் விளம்பர வாசகமே 'வந்து தங்குங்கள், ஓய்வெடுங்கள், குளியுங்கள்' என்ற பொருளில் இருந்தது. மறைத்து வைத்த ரகசியம் முப்பத்தெட்டு வருடத்தில் ஊரறிந்த நகைச்சுவையாகிவிட்டது. போல்டர்கைஸ்டும் அப்படித்தான். 1982-ல் தொலைக்காட்சித் திரையில் இரண்டு கையையும் வைத்து, நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமி. 2015-ல் கோமாளி பொம்மையின் முகம். முதல் படத்தைப் பார்த்தவர்களின் நினைவில் எது தங்கியதோ அதை எடுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

அப்படியென்றால் பழசு புதுசு என்பதெல்லாம் விஷயமே இல்லை. பார்ப்பவருக்கு முன்பே தெரிந்த முகம் ஒன்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தெரியாது என்றால் வரைபவர் ஒரு உருவத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். தெரியும் என்றால் அதை நினைவுபடுத்தினால் போதும்.

இதற்குச் சாட்சிதான் த திங். 1951 போஸ்டரில் பெரும்பகுதி ராட்சசத் தலைப்பெழுத்துதான். 1982 ரீமேக்குக்கு ட்ரூ ஸ்ட்ரூசன் வரைந்தது: பனிக்கோட்டு போட்ட ஒரு ஆள், தலைமூடிக்குள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெடித்துச் சிதறும் வெளிச்சம். படத்தைப் பார்க்காமலே ஒரே இரவில் வரைந்து முடித்தார். ரீமேக்தான், ஆனால் படத்தில் வரும் வேற்றுலக ஜந்துவுக்கு அடையாள முகம் எதுவும் இல்லை. அது யார் முகத்தையும் போட்டுக்கொள்ளும். அதனால் அசல் போல நடந்துகொண்டது போஸ்டர். பதினொன்றாவதாக த ரிங் (2002) சேர்த்தேன். ஜப்பானிய மூலம் 1998-ல் வந்தது, அமெரிக்கப் பார்வையாளர்களில் பலருக்கு அது தெரியாது. போஸ்டரில் இருட்டுக்குள் ஒரு வெள்ளை வளையம், அவ்வளவுதான். த்ரெஷோல்டில் போட்டேன். ஒரு கீறல்கூட விழவில்லை.

இடிக்கிற ஜோடியும் உண்டு. கேரி 1976 புத்தம் புதிய படம்தான். ஆனாலும் போஸ்டரில் விருந்து ராணியாக மகிழ்ச்சியான கேரி ஒரு பக்கம், ரத்தத்தில் குளித்த கேரி மறுபக்கம். உச்சக்கட்டத்தையே தூக்கி வாசலில் வைத்துவிட்டார்கள். 2013-லும் அதே ரத்த முகம். இந்த ஜோடியை என் கணக்குக்குள் எப்படி இழுத்துப் பார்த்தும் வரவில்லை. அப்படியே மேசை ஓரத்தில் விட்டுவிட்டேன்.

இனி கையால்

சொன்னது சரியா என்று பார்க்க ஒரே வழி, இடம் மாற்றிச் செய்து பார்ப்பது. ஹாலோவீன் 1978-க்கு ரீமேக் பாணியில் ஒன்று, ஃப்ரைடே 2009-க்கு அசல் பாணியில் ஒன்று. இரண்டாவதற்கு ஒரு விதி: முகமூடி கூடாது.

முதலாவது இருபது நிமிடத்தில் முடிந்தது. முகமூடியை நெருக்கமாக வெட்டி, நிறத்தைப் பாதியாகக் குறைத்து, நிழலுக்குக் கொஞ்சம் நீலம் ஏற்றி, ஓரங்களை இருட்டாக்கி, கீழே தலைப்பு. அதற்குக் கீழே ஒல்லிக்குச்சி எழுத்தில் பெயர்ப் பட்டியல். (அந்த எழுத்து அப்படி நெட்டையாக இருப்பதற்குக் காரணம் ஒப்பந்தம். தலைப்பின் உயரத்தில் இத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்று நடிகர்களின் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். உயரத்தைக் குறைக்க முடியாதபோது அகலத்தை நசுக்குகிறார்கள்.) பார்க்க அசல் கடைச்சரக்கு மாதிரியே இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

இரண்டாவதற்கு நான்கு மாலைகள். ஏரி, மரம், கூடாரம், படகு என்று படத்தில் இருப்பதையெல்லாம் பட்டியல் போட்டு, எதன் வளைவு எதன் வளைவோடு சேரும் என்று தேடினேன். ஹாலோவீனில் நடந்தது அதுதானே, பூசணி வரியும் விரல் கணுவும் ஒரே வளைவு. முதல் முயற்சி, நிலாவும் ஏரியும். சுற்றுலா விளம்பரம் மாதிரி வந்தது. அடுத்து, படகின் மூக்கைக் கத்தி முனையாக்கினேன். படகு உடைந்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் ஊசியிலை மரத்தின் பிரதிபலிப்பில் மாட்டினேன். நுனி கூர்மை, தலைகீழாக நீரில் விழுந்தால் கீழ்நோக்கிய கத்தி. கறுப்புத் தாளில் மரத்தை வெட்டி, கீழே அதன் பிரதிபலிப்பை ஜேசனின் வெட்டுக்கத்தி வடிவில் வெட்டி ஒட்டி, ஸ்கேன் செய்தேன். பெரிதாகப் பார்க்க நன்றாக இருந்தது. 120 பிக்ஸலுக்குச் சுருக்கினேன். கழுத்து டை.

ஒரு மரம் வைத்தால் அதையே உற்றுப் பார்க்கிறார்கள், அதுதான் பிரச்சினை. நான்காம் நாள் ஏழு மரங்களை வரிசையாக வெட்டினேன். ஆறின் பிரதிபலிப்பு இயல்பாக, பல்லுப் பல்லாக. இடமிருந்து ஐந்தாவது மட்டும் வெட்டுக்கத்தி, ஒரு பக்கம் நேர்விளிம்பு, மறுபக்கம் லேசான வளைவு. பிளேடால் வெட்டும்போது அந்த நேர்விளிம்பை அளவுகோல் வைத்து வெட்டினேன், மற்ற ஆறையும் கைபோன போக்கில். அந்த வித்தியாசம்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் நீட்டினேன்.

"ஏரி. நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுக்க வந்தவள், மறுபடி இழுத்துக்கொண்டாள். "இந்த ஒண்ணு மட்டும் ஏன் வழவழன்னு இருக்கு?"

பிரச்சினை முடியவில்லை. 120 பிக்ஸலில் கத்தி தெரியவில்லை, ஏழும் மரம்தான். ஐந்தாவதை ஒன்றரை மடங்கு நீளமாக்கினால் தெரிகிறது. ஆனால் அப்போது அதுதான் முதலில் தெரிகிறது, ஏரி இரண்டாவதாகிவிடுகிறது. கால் மடங்கு நீட்டி ஒன்று, மூன்றில் ஒரு பங்கு நீட்டி ஒன்று என்று வெட்டி வைத்திருக்கிறேன். அக்காவுக்கு இனி விஷயம் தெரியும், அவளிடம் காட்டிப் பயனில்லை. படம் தெரியாத வேறு ஒரு ஜோடிக் கண் வேண்டும்.